ஆண்டு ஒன்றுக்குப் பிள்ளை சேர்க்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்: எங்கள் வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், கோட்டத்தில் ஆரம்பப் பிரிவைப் பார்க்கிற அனைவருக்கும் வணக்கம்.

நான் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற தலவாக்கலை டவுனில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி, டைப்பிங், பதிவுத் தபாலுக்கு உறை எழுதிக் கொடுக்கிறது என்று காலையிலிருந்து இருட்டும்வரை மற்றவர்களுடைய கடதாசிகளோடுதான் என் பொழுது போகிறது. தரம் 1, அதாவது ஆண்டு ஒன்று, அனுமதிக்கான அறிவித்தலையும் மாதிரி விண்ணப்பத்தையும் அமைச்சு வெளியிட்ட கையோடு கடைக்கு வருகிற கூட்டமே மாறிவிடும். மலையில் அரைப் பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, இறங்கி வந்திருப்பார்கள், விரலில் கொழுந்துக் கறை அப்படியே இருக்கும், கையில் ஒரு சொப்பின் பை. அதற்குள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பனின் அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பின் நகல், கிராம சேவகர் கொடுத்த கடிதம், தோட்ட ஆபிசில் வாங்கிய துண்டு, எல்லாம் நாலாக எட்டாக மடிந்து ஓரம் பிய்ந்து போயிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி விடுவார்கள். பிறகு எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "தங்கச்சி, இது போதுமா?"

எதற்குப் போதுமா, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று நான் திருப்பிக் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் இல்லை. டவுன் பள்ளிக்கூடத்துக்கு என்பார்கள், இல்லாவிட்டால் "எங்கேயாவது கிடைக்கட்டும்" என்பார்கள். இந்த வருசம் அதே படிவத்தை என் சொந்த மகளுக்கும் நிரப்ப வேண்டி வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைந்துகொண்டு போகிறார்கள், பெற்றோருக்கு டவுன் மோகம் பிடித்துவிட்டது என்று கூட்டங்களில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஆள் குறைந்த பள்ளிக்கூடங்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு இணைக்கலாமா, மூடலாமா என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. என் கடை மேசையிலிருந்து பார்த்தால் விசயம் வேறு மாதிரித் தெரிகிறது. எங்கள் ஆட்கள் சின்னப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து, யோசித்து, வேண்டாம் என்று தள்ளவில்லை. அனுமதி நடக்கிற அந்த இரண்டு மூன்று மாதத்தில் யாரும் அவர்களிடம் எதையும் விளங்கச் சொல்வதில்லை, அந்த இடைவெளியில்தான் நீங்கள் பிள்ளைகளை இழக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மிச்சமெல்லாம் ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதற்கான கதை.

முதலில் டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் பிரிக்கிற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவித்தலில் இருப்பது இப்படி: தரம் 1க்கான இடங்களில் 50 சதவீதம் பக்கத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு, 25 பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 ஏற்கெனவே அங்கே படிக்கிற பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு, 5 கல்வித் துறையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு, 4 இடமாற்றம் பெற்று வந்த உத்தியோகத்தர்களின் பிள்ளைகளுக்கு, 1 வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு. இதை ஒரு தோட்டத்துத் தாயின் பக்கத்தில் நின்று வாசித்துப் பாருங்கள். அவளும் புருசனும் பெரும்பாலும் அந்த டவுன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இல்லை, ஆகவே அந்த 25 அவளுக்கு இல்லை. மூத்த பிள்ளை அங்கே இல்லையென்றால் 15ம் இல்லை. கல்வித் திணைக்களத்தில் வேலை இல்லை, இடமாற்றமும் இல்லை. கடைசியில் மிஞ்சுவது பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கான அந்தப் பாதி மட்டும்தான். அங்கே ஐந்து வருசத்து வாக்காளர் இடாப்பையும் வீட்டு உறுதியையும் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவுக்கு, அந்த வரிசை வீட்டு அறைக்கு, உறுதி ஏது? ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்தவர்கள் சிலர்தான். கலியாணம் முடித்து வேறு தோட்டத்துக்கு வந்த பெண்ணின் பெயர் இன்னும் தாய்வீட்டு இடாப்பிலேயே இருக்கும். கடிதம் வந்தால் தோட்ட ஆபிசுக்கு வரும், அங்கேயிருந்து எப்போதோ லயத்துக்கு வரும், ஏனென்றால் எங்களில் நிறையப் பேருக்கு இன்றைக்கும் சொந்தமாக ஒரு முகவரி கிடையாது.

இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்கும் நீங்கள் கேட்கிற பள்ளிக்கூடத்துக்கும் நடுவில், பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரச பள்ளிக்கூடம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டுவார்கள். தோட்டத்திலேயே ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றால், அதைத் தாண்டி டவுனுக்கு விண்ணப்பிக்கிற நிமிசத்திலேயே அந்தத் தாய் பின்னுக்குப் போய்விடுகிறாள். இதை எத்தனை பேருக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? நேர்முகப் பரீட்சைக்கு ஒரு பேர், தற்காலிகப் பட்டியல் பார்க்க ஒரு பேர், மேன்முறையீட்டுக்கு ஒரு பேர் என்று மூன்று நான்கு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கடைசியில் பெயர் இல்லை என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வந்து நிற்பார்கள். சிலர் டவுனில் தெரிந்தவர்களின் விலாசத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள், பிடிபட்டதும் விண்ணப்பம் தள்ளுபடி. இன்னும் சிலரிடம் யாரோ ஒரு இடைத்தரகர் காசு கேட்டிருப்பார். அனுமதிக்குக் காசு வாங்குவது குற்றம், இலஞ்ச ஆணைக்குழுவுக்கே முறைப்பாடு செய்யலாம் என்று நான் சொன்னால், "உண்மையாவா?" என்று என் முகத்தையே பார்ப்பார்கள்.

சரி, அப்புறம் எங்கள் சின்னப் பள்ளிக்கூடம்.

இந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் இடத்தை விட விண்ணப்பம் கூடுதலாக வருகிற பள்ளிக்கூடத்துக்குத்தான். முப்பது பிள்ளைக்கு இடமிருந்து நாலு பேர் கேட்டு வருகிற இடத்தில் போட்டியும் இல்லை, உறுதி தேடி அலைய வேண்டிய தேவையும் இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சேருகிற வருசத்து ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும், படிவத்தை மாதிரியைப் பார்த்துச் சாதாரண ஏ4 தாளில் நாமே எழுதிக்கூடக் கொடுக்கலாம், பதிவுத் தபாலில் அதிபருக்குப் போட்டுவிட்டுப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு இலகுவான வேலை பாருங்கள். இந்த நாலு வரி எங்கள் தோட்டத்தில் எந்தச் சுவரிலும் ஒட்டப்படவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் இல்லை, ஸ்டோர் வாசலில் இல்லை, கோயிலடியில் இல்லை, வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவிலும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளின் தாய்மார் நாள்தோறும் வந்து போகிற இடமே அந்தப் பிள்ளைக் காம்பராதான்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்லுகிறேன். பள்ளிக்கூடத்தின் பெயரையோ ஆளின் பெயரையோ சொல்லவில்லை, யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து, மேல் பிரிவிலிருந்து, ஒரு தாய் வந்தார். சின்னத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத்தான் விண்ணப்பித்திருந்தார், அங்கே அந்த வருசம் தரம் 1க்கு மூன்று பிள்ளைகூடச் சேர்ந்திருக்கவில்லை. ஆனாலும் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருக்கிறது, திருத்திக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மலைநாட்டில் இது எந்த வீட்டில் இல்லை சொல்லுங்கள்? தமிழில் சொன்ன பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதை மறுபடி தமிழாக்கி, ராமையா ராமய்யாவாகி, முத்தையா முத்தய்யாவாகி, ஒவ்வொரு கடதாசியிலும் எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொரு பெயர். அந்தத் தாய் பிரதேச செயலகத்துக்கும் கிராம சேவகரிடமும் ஏறி இறங்கினார், என் கடைக்கு மட்டும் ஆறு தடவை வந்தார். மற்றப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறதை அந்தப் பிள்ளை லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்லும்போது அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். பெயர்த் திருத்தம் முடிந்தபோது முதலாம் தவணை முடிந்து போயிருந்தது.

பிள்ளையை முதலில் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, திருத்தத்தைப் பிறகு கொண்டுவரச் சொன்னால் என்ன கெட்டுப்போயிருக்கும்? பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளைக்குக்கூட அனுமான வயதுச் சான்றிதழ் என்று ஒரு வழி இந்த நாட்டில் இருக்கிறது. கட்டாயக் கல்வி விதி 1998இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, 2016இல் அதன் மேல் வயதை 14இலிருந்து 16 ஆக்கினார்கள். ஐந்து வயதான பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு மட்டும் போட்ட கட்டளை இல்லை, உங்களுக்கும் சேர்த்துத்தான் என்றுதான் நான் அதை விளங்கிக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அவளுடைய அப்பாவுக்கு டவுன் பள்ளிக்கூடம்தான். வேன் வைக்கலாம், எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்றார். ஐந்து வயதுப் பிள்ளையை இருட்டோடு எழுப்பி, பனியில் நடத்தி மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் வேனுக்குள் திணித்து அனுப்புகிறதை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் படித்தது எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில், அரசாங்கம் பொறுப்பெடுக்கிறதுக்கு முந்தின காலத்தில். 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோதும் எங்கள் பள்ளிக்கூடங்கள் தோட்டத்தின் கையில்தான் இருந்தன, எழுபதுகளின் கடைசியில்தான் அரசு அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியது. ஒரே அறை, ஒரே வாத்தியார், மூன்றாம் வகுப்போடு அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார். "நீயே போய்ப் பார்த்திட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். ஒரு புதன்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு, அதிபரிடம் கேட்டு, இடைவேளை வரைக்கும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுவீடன் நாட்டு உதவியில் கட்டிய நீளக் கட்டடம், எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அதைச் சீடா கட்டடம் என்றுதான் சொல்வார்கள். தகரத்தில் மழை விழுந்தால் டீச்சரின் சத்தம் கேட்காது. தரம் 1ம் தரம் 2ம் ஒரே அறையில், ஒரே டீச்சர், மொத்தம் பதினொரு பிள்ளைகள். இரண்டு வகுப்பைச் சேர்த்துப் படிப்பிப்பது குறை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் ஆரம்பக் கல்வியில் தரம் 1, 2 இரண்டும் சேர்ந்து முதன்மை நிலை ஒன்று, விளையாட்டும் செயற்பாடும் கூட, எழுத்து வேலை கொஞ்சம் என்பதுதான் பாடத்திட்டமே என்று டீச்சர் விளங்கப்படுத்தினார். பெரிய பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்க, சின்னப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ச் சவுக்கு மரத்தடியில் காய்களைப் பொறுக்க வைத்து, பத்துப் பத்தாகக் குவிக்கச் சொன்னார். ஒரு பையன் ஒன்பதோடு நின்றுவிட்டான். டீச்சர் சொல்லிக் கொடுக்கவில்லை, அவன் குவியலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பேசாமல் இருந்தார். அவன் இன்னொரு தரம் எண்ணினான், எழும்பி ஓடிப்போய் ஒரு காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தான். நாற்பது பிள்ளை இருக்கிற வகுப்பில் அந்த ஒன்பதை யாராவது கவனித்திருப்பார்களா என்று வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

குறையும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஐந்து வகுப்புக்கு மூன்று பேர்தான், அதில் ஒருவர் தற்காலிகம். தண்ணீர் பீலியிலிருந்து குழாய் போட்டு வருகிறது, வெயில் காலத்தில் நின்றுவிடும். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை. ஆங்கிலத்துக்குத் தனியாக ஆள் இல்லை. இதெல்லாம் பார்த்தும் நான் அந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் தெரிந்தெடுத்தேன். டீச்சருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரிகிறது, வீடும் தெரிகிறது, நேற்று யார் சாப்பிடாமல் வந்தது என்றும் தெரிகிறது. என் மகள் கொஞ்சம் திக்கிப் பேசுவாள். அவளுக்கு அப்படி ஒரு டீச்சர் வேண்டும்.

என் புருசன் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கவில்லை, அதிபரிடமும் இருக்கவில்லை. "அஞ்சு முடிஞ்சா எங்கே?" எங்கள் பள்ளிக்கூடம் தரம் 5 வரைக்கும்தான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும், எடுக்காத பிள்ளைக்குத் தரம் 6 எங்கே என்று எழுத்தில் யாரும் சொல்வதில்லை. என் மேசைக்கு வருகிற பெற்றோரில் நிறையப் பேருக்கு உண்மையான பயம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆறில் இடம் தேடி அலையப் பயந்துதான் ஒன்றிலேயே டவுனுக்கு ஓடுகிறார்கள். இதை நீங்கள் மோகம் என்று சொல்லும்போது எனக்கு வலிக்கிறது.

ஆகவே ஐயா, அம்மா, உங்களிடம் கேட்கிறேன். எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் தரம் 5 முடிக்கிற பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடம் தரம் 6க்கு எடுக்கும் என்று பெயரைப் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள். அதிபர் அதைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டட்டும். நீங்கள் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை. எத்தனை இடம், எத்தனை வயது, என்ன கடதாசி என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே தாளில் அடித்துப் பிள்ளைக் காம்பராவிலும் பிரட்டுக்களத்திலும் ஒட்டச் செய்யுங்கள். தோட்ட நிர்வாகத்திடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். தாளை அடிக்கிற செலவு பிரச்சினை என்றால் எங்கள் கடையில் நானே இரவில் இருந்து அடித்துத் தருகிறேன், முதலாளியிடம் கேட்டுவிட்டேன்.

விண்ணப்பக் காலத்தில் அதிபர் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்துப் பெற்றோரை உள்ளே விட ஏற்பாடு செய்யுங்கள். கொழுந்து கூடின காலத்தில் வார நாளில் யாரும் வர முடியாது, வந்தால் பேர் போகும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததை எங்கள் லயத்துத் தாய்மாரும் பார்க்க வேண்டும். இடம் காலியாக இருக்கிற பள்ளிக்கூடத்தில், பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒரு வரி எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்னால் போதாது, அடுத்த வருசம் அதிபர் மாறினால் அதுவும் மாறிவிடும். அப்புறம் அந்தத் தற்காலிக டீச்சர். அவரை ஜனவரியில் தூக்கி வேறு எங்கேயாவது போட்டுவிட்டு, அந்த இடத்தைச் சித்திரை வரைக்கும் காலியாக விடாதீர்கள். ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து வெளியே வருகிற எங்கள் பிள்ளைகளே இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை எங்கள் மலைக்கு அனுப்பக் கேட்பது பெரிய கேள்வி இல்லை.

கடைசியாக எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை, இந்த மடலை அவர்களும் வாசிப்பார்கள். அக்காமாரே, அண்ணன்மாரே, டவுன் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பிக்கிறது உங்கள் உரிமை, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விண்ணப்பத்தோடு சேர்த்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று போடுங்கள், ஒன்றுக்கு மேலே விண்ணப்பிக்கலாம். அங்கே கிடைக்காமல் போய், இங்கேயும் எழுதாமல் விட்டு, பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். பக்கத்தில் குடியிருப்பவர், பழைய மாணவர் என்று எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகக் குறியுங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள், தற்காலிகப் பட்டியல் ஒட்டினால் அன்றைக்கே போய்ப் பாருங்கள், மேன்முறையீட்டுக்குக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். எத்தனை டீச்சர் நிரந்தரம், கழிப்பறை எப்படி, தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கடிக்க மாட்டார்கள். படிவம் விளங்கவில்லை என்றால் கடைக்கு வாருங்கள், எழுதிக் கொடுக்கிறதுக்கு நான் காசு வாங்க மாட்டேன், கொப்பிக்கு மட்டும்தான் காசு.

என் மகளின் விண்ணப்பத்தை வருகிற திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போடுகிறேன். அவளுக்கு ஐப்பசியில் ஐந்து நிறைகிறது. உங்கள் பதிலை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை, எனக்கும் சொந்த முகவரி கிடையாது. அதிபரின் பெயருக்கு அனுப்புங்கள். வந்தால் பள்ளிக்கூட வாசலில் ஒட்டுவதாக அவர் சொல்லியிருக்கிறார், நான் அதை நூறு கொப்பி எடுத்து டிவிசன் டிவிசனாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஆண்டு ஒன்றுக்குப் போகக் காத்திருக்கிற ஒரு பிள்ளையின் அம்மா